மாறாத களமும் மாறிய ஓர் எழுத்தும்

அறிவியல் கேள்வி–பதில்

அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் சுருக்கமாக வெளியிட்டு, விரிவான பதில் அடுத்த இதழில் வரும் என்று குறிப்பிட்டிருந்தோம். அதைப் படித்த பெங்களூரு வாசகர்கள் சிலர் அதே பொருளைத் தொட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பகுதி முழுவதையும் இதற்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்காக ஆறு ஆண்டுகளாக இமாடினிப் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கட்டுக்குள் இருந்த பி.சி.ஆர்.–ஏ.பி.எல். (BCR-ABL) அளவு கடைசி இரண்டு பரிசோதனைகளிலும் ஏறியிருப்பதால், ‘கைனேஸ் டொமைன் மியூட்டேஷன்’ என்ற பரிசோதனையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்தம் எடுத்த இடத்தில் விளக்கம் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்கிறார்கள்; டாக்டரிடம் கிடைப்பதோ ஐந்து நிமிடம். டொமைன் என்றால் என்ன? அதில் எதைத் தேடுகிறார்கள்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர்

பதில்: புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி நீட்டிப் பிடித்த நூலாகக் கிடப்பதில்லை. மடிந்து சுருண்டு ஒரு வடிவம் கொள்கிறது. பெரிய புரதங்களில், சங்கிலியின் ஒரு பகுதி மற்றப் பகுதிகளின் துணையில்லாமல் தானாகவே மடிந்து, தனக்கென ஒரு வேலையைச் செய்யும் தனி அலகாக நிற்பதுண்டு. அதைத்தான் டொமைன் என்கிறார்கள். இந்தப் பகுதியில் அதைக் ‘களம்’ என்று எழுதப்போகிறேன். நெற்களம் என்றால் அங்கே கதிரடிப்பார்கள், வேறு வேலை நடக்காது. அதுபோல ஒரு வேலைக்கென்று அமைந்த இடம் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கைனேஸ் என்பது செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலை செய்யும் புரதங்களின் பெருங்குடும்பம். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின்மேல் பொருத்துவதே கைனேஸின் தொழில். பாஸ்பேட் ஏறியவுடன் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும், அல்லது உறங்கிப்போகும், அல்லது வேறொன்றோடு கைகோக்கும். ‘வளர்’, ‘பிரி’, ‘நில்’ என்ற கட்டளைகளில் பெரும்பகுதி செல்லுக்குள் இப்படித்தான் கைமாறுகிறது. இந்தக் கழற்றிப் பொருத்தும் வேலை நடக்கும் இடம், ஏறத்தாழ 250 முதல் 300 அமினோ அமிலங்கள் கொண்ட கைனேஸ் களம்.

உங்கள் தந்தையின் நோயில் நடந்திருப்பது இது. ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவது குரோமோசோமும் எலும்பு மஜ்ஜையிலுள்ள ஏதோ ஒரு செல்லில் உடைந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு ஒட்டியிருக்கின்றன. அப்படிக் குட்டையாகிப்போன இருபத்திரண்டாவது குரோமோசோமை 1960-இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு இருவரும் கண்டார்கள். துண்டு இடம் மாறியதே காரணம் என்று 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரவுலி காட்டினார். அந்த ஒட்டில் பி.சி.ஆர். என்ற மரபணுவின் முன்பகுதியும் ஏ.பி.எல். என்ற கைனேஸ் மரபணுவின் பின்பகுதியும் சேர்ந்து ஒரே புரதமாகிவிடுகின்றன. ஏ.பி.எல். தன்னை அடக்கிவைத்திருந்த முன்பகுதிப் பூட்டை அந்த ஒட்டில் இழந்துவிடுவதால், அதன் கைனேஸ் களம் ஓய்வில்லாமல் பாஸ்பேட் பொருத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன.

இமாடினிப் அந்தக் களத்துக்குள், ஏ.டி.பி. வந்து அமர வேண்டிய பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இருக்கை பறிபோனதால் கைனேஸ் முடங்குகிறது. ஆனால் களத்தின் அமினோ அமிலங்களில் ஒன்று மாறிவிட்டால் மருந்து பொருந்தாமல் போகலாம். அப்படி ஏதேனும் மாறியிருக்கிறதா என்றுதான் இப்போது பார்க்கிறார்கள். ரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, பி.சி.ஆர்.–ஏ.பி.எல். மரபணுவில் கைனேஸ் களத்துக்கு உரிய பகுதியை மட்டும் எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். அறிக்கையில் ‘டி315ஐ’ (T315I) போன்ற குறியீடுகள் வந்தால் அஞ்ச வேண்டாம். படிக்கும் முறை எளிது. 315-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய திரியோனின் இல்லாமல் ஐசோலூசின் வந்து அமர்ந்திருக்கிறது என்று பொருள். எந்த இடத்தில் எது மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால்தான் மருத்துவர் இந்தப் பரிசோதனையைக் கேட்டிருக்கிறார்.

கேள்வி: இந்தக் களத்தை எல்லா உயிர்களிலும் ‘பாதுகாக்கப்பட்ட’ பகுதி என்று படித்தேன். பாதுகாத்தது யார்? எதற்காக?
— பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர், பிரேசர் டவுன்

பதில்: தமிழாசிரியர் கேட்க வேண்டிய கேள்விதான். செயப்பாட்டு வினையைப் போட்டுவிட்டு எழுவாயை ஒளித்துவைப்பது அறிவியல் எழுத்தின் பழைய வழக்கம். இங்கே பாதுகாத்தவர் யாரும் இல்லை. மாறியவை பிழைக்கவில்லை, மாறாதவை நின்றன. ‘பாதுகாக்கப்பட்ட’ என்பதைவிட ‘மாறாது நின்ற’ என்பதே பொருத்தமான சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. இனி அப்படியே எழுதுகிறேன்.

அல்சூர் சோமேசுவரர் கோயிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலும் உங்களுக்குத் தெரிந்தவையே. முன்னதில் விஜயநகர பாணியில் கோபுரமும் தூண் மண்டபமும் இருக்கின்றன. பின்னதன் சுவரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. ஆனால் உள்ளே நடந்துபோனால் கருவறை, அதன் நடுவில் லிங்கம், எதிரே நந்தி என்ற அமைப்பு மாறுவதில்லை. அதை மாற்றிவிட்டால் அது சிவன் கோயிலாக இராது. கைனேஸ்களும் அப்படியே. பிராகாரங்களும் மண்டபங்களும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு, கருவறை ஒன்று.

இது உவமையாக மட்டும் சொல்வதில்லை, வரிசைப்படுத்திப் பார்த்த செய்தி. 1988-இல் ஸ்டீவன் ஹாங்க்ஸ், ஆன் மேரி குவின், டோனி ஹண்டர் ஆகிய மூவரும் அதுவரை தெரிந்திருந்த 65 கைனேஸ்களின் அமினோ அமில வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தார்கள். ஈஸ்டிலிருந்து மனிதர் வரை, வைரஸ்களில் இருப்பவை உட்பட, குறிப்பிட்ட சில இடங்களில் அதே எழுத்தே, அதாவது அதே அமினோ அமிலமே, மீண்டும் மீண்டும் நின்றது. ஓரிடத்தில் ஒரு லைசின்; அது ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டுகளைப் பிடித்துக்கொள்வது. சங்கிலியில் நெடுந்தொலைவு தள்ளி ஓர் ஆஸ்பார்ட்டிக் அமிலம். அது வினையையே நடத்துவது. அதற்குச் சற்று அப்பால் ஆஸ்பார்ட்டிக் அமிலம், பினைல்அலனின், கிளைசின் என்று மூன்று பேர் சேர்ந்தாற்போல நிற்பார்கள். அவர்களுள் முதல்வர் மக்னீசியம் அயனியைப் பிடித்துத் தருபவர். ஏ.பி.எல். கைனேஸில் இவற்றின் இடங்கள் முறையே 271, 363, 381 முதல் 383 வரை. 1991-இல் சூசன் டெய்லர் குழுவினர் முதன்முதலாக ஒரு கைனேஸ் களத்தின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டபோது, சங்கிலியில் தள்ளித் தள்ளி இருந்த இந்த எழுத்துகள் எல்லாம் மடிப்பில் ஒரே பள்ளத்தைச் சுற்றி முகம் பார்த்து நின்றது தெரிந்தது. 2002-இல் மனித மரபணுத் தொகுதியைச் சலித்து எண்ணியதில் 518 கைனேஸ்கள் தேறின. சிலவற்றைத் தவிர எல்லாவற்றிலும் இதே கருவறைதான்.

அந்த டோனி ஹண்டரைப் பற்றி ஒரு செய்தி. பாஸ்பேட் ஏறும் அமினோ அமிலங்கள் செரினும் திரியோனினும் மட்டுமே என்று எல்லோரும் நம்பியிருந்த 1979-இல், அவர் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் கரைசலைப் புதிதாகத் தயாரிக்கச் சோம்பல்பட்டு, பலமுறை பயன்படுத்திய பழைய கரைசலையே மறுபடி ஊற்றினார். அதன் அமிலத்தன்மை சற்று மாறியிருந்ததால், வழக்கமாகத் திரியோனின் பாஸ்பேட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளியாகத் தெரியும் டைரோசின் பாஸ்பேட் அன்று தனிப் புள்ளியாகப் பிரிந்து வந்தது. டைரோசின் கைனேஸ் என்ற கிளை தெரியவந்தது அப்படித்தான். நம் அல்சூர் வாசகியின் தந்தைக்குத் தொல்லை தரும் ஏ.பி.எல். அந்தக் கிளையைச் சேர்ந்தது.

கேள்வி: 518 கைனேஸ்களிலும் ஒரே கருவறை என்றால், அதில் போய் உட்காரும் மருந்து எல்லாவற்றையுமே முடக்கிவிட வேண்டுமே? நோயாளி எப்படி உயிரோடு இருக்கிறார்?
— உயிர்வேதியியல் மாணவி, மல்லேசுவரம்

பதில்: இந்தத் துறையின் முதன்மையான சிக்கலையே கேட்டுவிட்டீர்கள். 1980-களில் கைனேஸ் மருந்து என்ற பேச்சை எடுத்தவர்களுக்குக் கிடைத்த மறுப்பும் இதுவே. ஜப்பானில் சதோஷி ஒமுரா குழுவினர் 1977-இல் மண்ணுயிரி ஒன்றிலிருந்து பிரித்த ஸ்டாரோஸ்போரின் அதற்கு நேரான சான்று: அது கைனேஸ்களில் மிகப் பலவற்றின் பள்ளத்திலும் பேதமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆய்வகத்தில் நல்ல கருவி. அப்படியே மருந்தாகக் கொடுக்க முடியாது.

இமாடினிப் வேறு வழியில் செல்கிறது. கைனேஸ் வேலை செய்யும் நிலையில் எல்லாக் களங்களும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்டிருக்கும். ஏனெனில் வேலை ஒன்றே. ஓய்ந்திருக்கும் நிலையில் அப்படியில்லை. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியபடி கைகால்களை மடக்கிக்கொள்கிறது. முன்பு சொன்ன மூவர், அதாவது ஆஸ்பார்ட்டிக் அமிலம், பினைல்அலனின், கிளைசின், ஏ.பி.எல். ஓய்ந்திருக்கும்போது வெளிப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள், அதனால் ஏ.டி.பி.யின் இருக்கைக்குப் பின்னால் இன்னோர் அறை திறந்துகொள்கிறது. இமாடினிப் அந்தப் பின்னறைவரை கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. இந்தியாவில் பிறந்தவரான ஜான் குரியனின் ஆய்வுக்குழு 2000-ஆம் ஆண்டில் இதைப் படிக வடிவமாகவே காட்டியது. மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001 மே மாதத்தில்.

பின்னறைக்குப் போகும் வழியில், வாசலை ஒட்டி நிற்கும் அமினோ அமிலத்தை ஆய்வாளர்கள் வாயிற்காவலர் என்றே அழைக்கிறார்கள். நம் கோயில் உவமையில் துவாரபாலகர். ஏ.பி.எல்.-இல் அந்த இடம்தான் 315. அங்கே நிற்பது சிறிய உருவம் கொண்ட திரியோனின். மருந்து உள்ளே நுழைய வழி விடுவதோடு, தன் ஹைட்ராக்சில் தொகுதியால் மருந்தைப் பிடித்தும் கொள்கிறது. பெரும்பாலான கைனேஸ்களில் அந்த இடத்தில் மெத்தியோனின் போன்ற பருத்த உருவங்கள் நிற்பதால், இமாடினிப்புக்கு அங்கே நுழைவில்லை. கருவறையின் மாறாத எழுத்துகளை நம்பி இந்த மருந்து வேலை செய்யவில்லை. கருவறையை ஒட்டி, பரிணாமம் கெடுபிடி காட்டாமல் விட்டுவைத்த ஓர் இடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அடுத்த கேள்விக்கு அது வேண்டும்.

முழுக் கதையும் அவ்வளவு எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்.ஆர்.சி. என்ற உறவுக்கார கைனேஸிலும் வாசலில் திரியோனின்தான் நிற்கிறது. பள்ளத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளும் பெரும்பாலும் அவையே. ஆனாலும் இமாடினிப் அதனிடம் மிகவும் பலவீனமாகவே ஒட்டுகிறது. அசையாத படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைப்பதில்லை. மருந்து நுழைந்த பிறகு களம் எப்படி நெளிந்து இறுகுகிறது என்ற அசைவிலேயே வேறுபாடு இருக்கிறது.

கேள்வி: மருந்து பிடித்துக்கொண்டிருக்கும் எழுத்தையே மாற்றி நோய் தப்பிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மாறவே முடியாத அந்த லைசினையும் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தையும் பிடிக்கும்படி மருந்தை வடிவமைக்கலாமே? நோய் தப்பிக்க வழியே இராதே?
— மென்பொருள் பொறியாளர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: உங்கள் தருக்கத்தின் முதற்பாதி முற்றிலும் சரி. நோய்ச் செல் லைசினை மாற்றினால் மருந்திடமிருந்து தப்பிக்கலாம். ஆனால் அந்தக் கணமே கைனேஸும் செயலிழந்துவிடும். தன்னைப் பெருக்கிக்கொண்டிருந்த இயந்திரத்தையே உடைத்த செல் அதோடு முடிந்தது. ஆகவே மருந்துக்குப் பணியாத நோயாளிகளிடம் மாற்றங்கள் தென்படுவது, மாறினாலும் வேலை கெடாத இடங்களில்தான். 315 அத்தகைய இடம். மரபணுவில் அதற்கு உரிய எழுத்துகள் ஏ, சி, டி (A, C, T). நடுவிலுள்ள சி, டி ஆகிவிட்டால் போதும், திரியோனின் போய் ஐசோலூசின் வந்துவிடும். ஒரு சுழி குறைந்தால் ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடுவதைப் போன்றது இது. ஐசோலூசினுக்கு மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ராக்சில் இல்லை, உருவமோ பருத்தது. ஏ.டி.பி. வழக்கம்போல வந்துபோகிறது, மருந்து மட்டும் வாசலில் தடுக்கப்படுகிறது. சார்லஸ் சாயர்ஸின் ஆய்வகம் 2001-இல் இதை நோயாளிகளின் செல்களிலேயே காட்டியது. மருந்து கடைக்கு வந்த அதே ஆண்டு அது.

இரண்டாம் பாதியில்தான் இடிக்கிறது. மாறாத எழுத்துகளை மட்டும் பிடிக்கும் மருந்து, அவை உள்ள ஏறத்தாழ 500 கைனேஸ்களையும் பிடிக்கும். அது ஸ்டாரோஸ்போரினின் கதை. குறிதவறாத மருந்து வேண்டுமென்றால் கைனேஸுக்குக் கைனேஸ் வேறுபடும் இடத்தைப் பிடித்தாக வேண்டும். வேறுபடும் இடமோ, மாறக்கூடிய இடம். மருந்து நுழையும் வாசலும் நோய் தப்பிக்கும் வாசலும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. பொறியாளர்கள் இதை வடிவமைப்புப் பிழை என்று எண்ணக்கூடும். இது பிழையன்று, களத்தின் இயல்பு.

இரண்டு வழிகளில் இதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்க அனுமதி பெற்ற போனாடினிப், தன் உடலின் நடுவில் கார்பன்–கார்பன் மூன்று பிணைப்புக் கொண்ட மெல்லிய தண்டு ஒன்றை வைத்திருக்கிறது. பருத்த ஐசோலூசின் நின்றாலும் ஒருக்களித்து நுழைந்துவிடும். ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு என்ற கடுமையான பக்கவிளைவு இருந்ததால், 2013-இல் அங்கே அதன் விற்பனையையே சிறிது காலம் நிறுத்திவைத்து, பிறகு கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார்கள்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஏ.பி.எல். புரதத்தில் கைனேஸ் களத்துக்கு முன்னால் எஸ்.எச்.3, எஸ்.எச்.2 என்று இரண்டு சிறிய களங்கள் இருக்கின்றன. இயல்பான செல்லில், புரதத்தின் முன்முனையில் ஒட்டியிருக்கும் மிரிஸ்டேட் என்ற கொழுப்பு வால் வளைந்துவந்து, கைனேஸ் களத்தின் அடிப்புறத்துப் பொந்து ஒன்றில் செருகிக்கொள்ளும். செருகியவுடன் அந்த இரு சிறு களங்களும் கைனேஸ் களத்தின் முதுகில் இறுகக் கட்டிக்கொள்ள, இயந்திரம் அடங்கியிருக்கும். முதல் பதிலில் ‘முன்பகுதிப் பூட்டு’ என்று நான் சொன்னது இதைத்தான். குரோமோசோம் ஒட்டில் அந்த வால் உள்ள முனை போய்விட்டது. பொந்து மட்டும் காலியாக இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட அசிமினிப் அந்தக் காலிப் பொந்தில் போய்ச் செருகிக்கொண்டு, தொலைந்த சாவியின் வேலையைச் செய்கிறது. கருவறைப் பக்கமே அது போவதில்லை. அதனால் 315-இல் யார் நின்றாலும் அதற்குப் பெரிய தடையில்லை. அந்தப் பொந்தின் எழுத்துகளிலும் மாற்றங்கள் வரத்தான் செய்கின்றன என்பது வேறு.

கேள்வி: இந்த மியூட்டேஷன் பிள்ளைகளுக்கு வருமா?
— இல்லத்தரசி, ஜாலஹள்ளி

பதில்: வராது. குரோமோசோம் ஒட்டும், பின்னர் வரும் எழுத்து மாற்றமும் ரத்தத்தை உண்டாக்கும் செல்களில் வாழ்நாளின் இடையில் நேர்ந்தவை. விந்தணுவிலோ கருமுட்டையிலோ அவை இல்லை.

கேள்வி: அறிக்கை வந்துவிட்டது. ‘கைனேஸ் களத்தில் மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று போட்டிருக்கிறது. மகிழ்வதா, குழம்புவதா என்று தெரியவில்லை. மாற்றம் இல்லையென்றால் அளவு ஏன் ஏறியது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்பதால், ஏகாதசி, கிருத்திகை, பிரதோஷம் ஆகிய விரத நாட்களில் அப்பா மாத்திரை போடுவதில்லை என்று அம்மா இப்போதுதான் சொன்னார்கள்.
— அதே வாசகி, அல்சூர்

பதில்: ‘கண்டறியப்படவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. வழக்கமான எழுத்துப் படிப்பு முறையில், நோய்ச் செல்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடாவது அந்த மாற்றத்தைக் கொண்டிருந்தால்தான் அது தெரியும். அதற்குக் கீழே இருப்பது கண்ணுக்குத் தப்பிவிடலாம். தேவைப்பட்டால் இன்னும் நுட்பமான முறையில் மறுபடி பார்ப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

ஆனால் நீங்கள் கடைசியில் எழுதிய வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். மாதத்தில் இரண்டு ஏகாதசி, இரண்டு பிரதோஷம், ஒரு கிருத்திகை. ஆக ஐந்து நாட்கள். முப்பதுக்கு இருபத்தைந்து என்றால் 83 விழுக்காடு. லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைக் குப்பிகளில் மின்னணுக் கருவி பொருத்திக் கண்காணித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 90 விழுக்காட்டுக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் எட்டிய நல்ல நிலையை, அதற்குக் கீழே இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட எட்டவில்லை. மருந்து ரத்தத்தில் குறையும் நாட்களில் ஏ.டி.பி. தன் பழைய இருக்கையில் வந்து அமர்ந்துகொள்கிறது. களத்தில் ஓர் எழுத்தும் மாறாமலேயே அளவு ஏறுவதற்கு இது போதுமான காரணம். உங்கள் தந்தையின் விஷயத்தில் காரணம் இதுவேதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

அப்பாவிடம் கோபிக்க வேண்டாம். சாப்பாட்டோடு போடுங்கள் என்றார்கள். சாப்பாடு இல்லாத நாளில் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதற்காகத்தான் அந்த அறிவுரை. பலகாரம், பழம், பால் என்று எடுத்துக்கொள்ளும் விரதமாக இருந்தால் அதோடு ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் மாத்திரையைப் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பம்ப்ளிமாஸ் மட்டும் வேண்டாம். அதன் உறவான கிரேப்புரூட்டைப் போல அதுவும் மருந்தின் அளவைத் தாறுமாறாக்கக்கூடும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, பரிசோதனை அறிக்கையோடு கடந்த மூன்று மாதத்து மாத்திரை அட்டைகளையும் விரத நாட்களைக் குறித்த நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் முதல் நிமிடத்தை அந்த நாட்காட்டிக்குக் கொடுங்கள்.